நாற்பத்தேழாம் பக்கத்து முகம்

நீலப் பென்சில் அச்சில் விழாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அந்தக் காலத்துப் படக்கதைக்காரர்கள் எல்லாரும் வண்டி ஓட்டினார்கள். அட்டையில் முதலில் வெளிர்நீலப் பென்சிலால் கோடு போடுவார்கள், அதன் மேல் கறுப்பு மையால் வரைவார்கள். அச்சகத்து கேமரா கறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நீலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆகவே நீலத்தை யாரும் அழிப்பதில்லை. அழித்தால் மையும் சேர்ந்து கிளம்பிவிடுமோ என்ற பயம் வேறு. இப்போது வந்திருக்கும் ஸ்கேனருக்கோ நீலம், மஞ்சள், டீக்கறை என்ற பாகுபாடே கிடையாது. இருப்பதையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு போகும். எழுத்துக்காரியின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஸ்கேனர்தான்.

எழுத்துக்காரி யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். படக்கதையில் ஆட்களின் பேச்சு வாய்க்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் வருமல்லவா, தொழிலில் அதற்குப் பலூன் என்று பெயர். பலூனுக்குள் எழுதுவது தனி வேலை, அதற்குத் தனி ஆள். தனித்தாளில் எழுதி, ஓரம் பிசகாமல் வெட்டி, படத்தின் மேல் ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும். கோபத்துக்குத் தடித்த எழுத்து, முணுமுணுப்புக்குப் பொடி எழுத்து, அழுகைக்குக் கொஞ்சம் தள்ளாடும் எழுத்து. முப்பத்தோரு வருடம் இந்த வேலையைச் செய்தவள் அவள். படம் போட்டவர் பெயர் புத்தக மேலட்டையில் கொட்டை எழுத்தில் வரும். அந்தக் கொட்டை எழுத்தையும் எழுதியது அவள்தான், ஆனால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அவள் பெயர் எந்த மூலையிலும் கிடைக்காது. வயது அறுபத்து மூன்று. தனிக்கட்டை. வலது நடுவிரலில் பேனா உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன ஒரு மேடு.

படம் போட்டவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் படக்கதை வரைகிற பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், அவர் உட்கார்ந்த நாற்காலியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு யார் மதித்தார்கள்? பொம்மைப் புத்தகம் என்றால் குழந்தை சாப்பிட அடம்பிடிக்கும்போது காட்டுவது என்றிருந்த காலம். அப்போது அந்த மனுஷன் பெரியவர்கள் படிப்பதற்கென்று நூற்று முப்பத்தாறு பக்கத்தில் ஒரே கதையை வரைந்தார். 'மூன்றாவது சங்கு' என்று பெயர். பாட்டில் ஆலை ஒன்றில் நடந்த வேலைநிறுத்தம் பற்றியது. கடைக்காரர்கள் அதைக் குழந்தைப் புத்தகங்களோடு அடுக்கினார்கள். கடைசியில் யாருமே ஜெயிக்கவில்லையே, இதைப் பிள்ளைக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்று ஒரு தகப்பனார் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். மாஸ்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கதையை மாஸ்டருக்குச் சொன்னவர் எழுத்துக்காரியின் அண்ணன். ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்பா போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதும், பெயர்ப்பலகை எழுதும் கடையில் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டதும் அவர்தான். "கதை வேணும்னா எங்கண்ணனக் கேளுங்க" என்று மாஸ்டரிடம் அழைத்துப் போனவள் அவளே. மாலை மாலையாக இரண்டு மாதம் அண்ணன் பேசினார், மாஸ்டர் குறித்துக்கொண்டார். வேலைநிறுத்தத்துக்கு முன்தினம் யாரோ ஒருவன் தலைமை தாங்கும் ஆட்களின் பெயர்ப்பட்டியலை மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். பத்தொன்பது பேருக்கு வேலை போயிற்று. கொடுத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணன் பெயர் பட்டியலில் இல்லை, அவர் வேலையில் தொடர்ந்தார்.

புத்தகத்தில் அந்தக் காட்டிக்கொடுத்தவன் பதினான்கு பக்கங்களில் வருகிறான். ஆலைத் தொப்பி போட்டிருப்பான், தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. தொப்பிக்காரன் யார் என்று வாசகர்கள் கேட்காத நாள் இல்லை. மாஸ்டர் வாயே திறக்கவில்லை. அந்தக் கறுப்பு மையல்ல, கட்டை விரல் நகம் அளவுக்கு வெட்டிய கறுப்புத்தாள் ஒட்டு. பலூன், தலைப்பு, திருத்தம் எல்லாவற்றையும் ஒட்டுவது எழுத்துக்காரிதான், ஆனால் இந்த ஒட்டுக்கு மட்டும் அவளை மாஸ்டர் கிட்டே விடவில்லை. "இத மட்டும் நான் பாத்துக்கறேம்மா" என்றுவிட்டார். அவள் கைக்கு அட்டை வரும்போது ஒட்டு ஒட்டியே இருக்கும்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. எதை மறைத்தாலும் முதலில் வரைந்துவிட்டுத்தான் மறைப்பார். சட்டைப்பைக்குள் கை விட்டிருக்கும் ஆளுக்குக்கூட உள்ளே ஐந்து விரலையும் நீலத்தில் போட்டுவிட்டு மேலே துணியை வரைவார். வரையாமல் மறைத்தால் பொய் பளிச்சென்று தெரியும் என்பார். பைத்தியக்கார வேலை என்று எழுத்துக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள். மாஸ்டர் பல் பிடுங்கப் போயிருந்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் தொப்பிக்காரனின் தலைக்கு ஒட்டினாற்போல் ஒரு பலூன் வர வேண்டும். அவள் பசை தடவி பலூனை அழுத்தினாள், பசை கொஞ்சம் வழிந்து பக்கத்து ஒட்டின் அடியில் இறங்கியது. துடைக்கப் போனாள். கறுப்பு ஒட்டு அவள் விரலோடு வந்துவிட்டது.

அடியில் நீலப் பென்சிலில் அவள் அண்ணன்.

வேறு யாரோ என்று தேற்றிக்கொள்ள வழியில்லை. பாட்டில் வெடித்துச் சில்லு கிழித்த இடது புருவத்து வெட்டு, ஒரு பக்கமாய்க் கோணிய மூக்கு, மேல் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம், எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மேனேஜர் அறையைப் பற்றி அண்ணன் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் குடும்பப் போட்டோ இருக்கும், ஜன்னல் திரையில் தீப்பொறி பட்ட ஓட்டை இருக்கும் என்று எவ்வளவு துல்லியமாகச் சொன்னார். தொழிலாளி யாரும் காலடி வைக்காத அறை அது. இவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை மட்டும் எப்படித் தப்பியது? மாஸ்டரிடம் மனம்விட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார், மாஸ்டரும் வாக்குக் கொடுத்து மூடி வைத்திருக்கிறார், இதுதான் விஷயம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டாள். ஒட்டைத் திரும்ப ஒட்டினாள். மற்ற பதின்மூன்று ஒட்டுகளில் ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது, ஒரு தடவை வெந்தது போதாதா என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அண்ணனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. விசேஷம் என்றால் போவாள், வாசலோடு நின்று பேசிவிட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று கிளம்பிவிடுவாள். அவர் வீட்டில் கை நனைப்பதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அண்ணி ஒவ்வொரு தடவையும் டம்ளரில் தண்ணீர் வைப்பாள், அது வைத்தபடியே இருக்கும். வயிறு சரியில்லை என்று இவள் சொல்வாள். இருபத்தாறு வருடமாக ஒரு மனுஷிக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா? அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மாஸ்டர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் மகள் அப்பாவின் அட்டைகள் மொத்தத்தையும் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தாள். பெரிய கண்காட்சி வைப்பது, 'மூன்றாவது சங்கு' மூல அட்டைகளைப் பென்சில் கோடு, பசைக்கறை உட்பட உள்ளது உள்ளபடி ஸ்கேன் பண்ணிப் பெரிய புத்தகமாகப் போடுவது என்று ஏற்பாடு. அட்டைகளை வரிசைப்படுத்தி, எது எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம் யார் செய்தது என்று சொல்ல எழுத்துக்காரியைக் கூப்பிட்டார்கள். அந்த அறையின் பொறுப்பு காகிதத்தைப் பழுதுபார்க்கும் ஒரு நடுத்தர வயது அம்மாளிடம் இருந்தது. வெள்ளைக் கையுறை, நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடி, முனை மழுங்கிய சின்னக் கத்தி. எழுத்துக்காரி முதல் நாளே அவளுக்குக் காகித டாக்டர் என்று பேர் வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கும் அதில் பெருமைதான்.

மூன்றாம் நாள் டாக்டர் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள். அந்தக் காலத்து ரப்பர் பசை காகிதத்தைத் தின்றுவிடும், காய்ந்த ஒட்டுகளையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்யப் போகிறேன் என்றாள். கறுப்பு ஒட்டையுமா என்று எழுத்துக்காரி கேட்டாள். அதைத்தான் பதிப்பாளர் ஆவலோடு எதிர்பார்க்கிறார், திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு மாஸ்டர் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார், அவர்கள் முன்னால்தான் திறக்கப் போகிறேன் என்று பதில் வந்தது.

கண்காட்சித் திறப்புக்கு இன்னும் மூன்று வாரம். கதை சொன்ன தொழிலாளி என்று அண்ணனை மேடையில் உட்கார வைப்பதாக இருந்தார்கள். வேலை போன பத்தொன்பது பேரில் மிச்சமிருக்கும் ஏழு பேரும் முன்வரிசைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அண்ணனோடு தினமும் காலையில் நடக்கப் போகிறவர். எழுபத்தோரு வயதில் அந்த மேடையில், அந்த ஏழு பேர் எதிரில், சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய அண்ணன் முகம் தொப்பிக்குக் கீழே தெரியும். அவள் நான்கு நாள் தூங்கவில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. தப்புச் செய்தவராகவே இருக்கட்டும், ஆனால் தலைகுனிந்து அவர் நிற்பதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிடக் கிளம்பினாள். வழக்கமாக அறையைப் பூட்டிக்கொண்டு போகிறவள், அன்றைக்குச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க இருக்கீங்கல்ல, எனக்கென்ன கவலை" என்றாள். அந்த வார்த்தை எழுத்துக்காரியைச் சுருக்கென்று தைத்தது. அதற்காக அவள் நிறுத்தவில்லை.

நாற்பத்தேழாம் அட்டையை எடுத்து விளக்கடியில் வைத்தாள். கத்தியை ஒட்டின் ஓரத்தில் நுழைத்தாள். காய்ந்துபோன பசை, தொட்டதும் ஒட்டு பெயர்ந்துவிட்டது. அண்ணன் இருந்தார், நாற்பதுகளில் இருந்த அண்ணன், ஒரு வயதுகூட ஏறாமல். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து மெழுகு ரப்பரை எடுத்தாள். மாஸ்டர் கோட்டின் மேல் வாழ்நாளில் ஒரு விரல் வைத்தவள் இல்லை. அவர் அட்டையில் தும்மக்கூட மாட்டாள், திரும்பிக்கொண்டுதான் தும்முவாள். அந்தக் கை அழித்தது. நீலம் லேசில் போகிற ஜாதியில்லை. முதலில் புருவம், பிறகு மூக்கு, கடைசியில் உதடு. தேய்த்துத் தேய்த்துத் தாளின் மேல்தோல் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. துகளை ஊதி, விரலால் ஒற்றி எடுத்து, கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் முகம் இல்லை.

மணி ஒன்றரை. இன்னும் பதின்மூன்று அண்ணன்கள் பாக்கி. ஐம்பத்திரண்டாம் அட்டையை எடுத்து ஒட்டைப் பெயர்த்தாள்.

ஒட்டுக்கு அடியிலிருந்து, தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த ஆள் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவளுக்குப் புரியவில்லை. அட்டை மாறிவிட்டதோ என்று எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டுதான். அறுபதாம் பக்கத்தைத் திறந்தாள். இரட்டைச் சடை போட்ட ஒன்பது வயதுப் பெண், மாஸ்டரின் சொந்த மகள், ஆலைத் தொப்பிக்குள் முகம் வைத்திருந்தாள். அடுத்ததில் மாஸ்டரே, ஷேவ் செய்யாத தாடியோடு. அதற்கடுத்து தபால்காரர், பல் டாக்டர். எண்பத்தொன்றாம் பக்கத்து ஒட்டை எடுத்தாள். அங்கே தலை குனிந்து, கண் தாழ்த்தி, எதையோ எழுதிக்கொண்டிருக்கும் முகம். அவள் முகம்.

அடப் பாவி மனுஷா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தொப்பிக்காரன் எவனும் இல்லை. மறைப்பதற்கு முன் யாரையாவது வரைந்தாக வேண்டும் என்பதற்காக மாஸ்டர் கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் வரைந்திருக்கிறார். பதினான்கு ஒட்டு, பதினான்கு முகம், யாரும் செய்திருக்கலாம், யார்மேலும் குற்றமில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஒட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒட்டுகளை அதனதன் இடத்தில் வைத்து அழுத்தி அட்டைகளை அடுக்கிவிட்டாள். டாக்டர் வரும்போது அவள் கைகள் மடியில் இருந்தன.

இரண்டரைக்குப் பதிப்பாளரும் மாஸ்டர் மகளும் வந்து சேர்ந்தார்கள். பதிப்பாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நாளை காலைப் பேப்பரில் எப்படி வரும் என்றே யோசிப்பவர். டாக்டர் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில ஒட்டுகள் தொட்டதுமே வந்துவிடுகின்றனவே என்று டாக்டர் ஒரு தடவை நெற்றியைச் சுருக்கினாள், அவ்வளவுதான். இடையில் நாற்பத்தேழாம் அட்டையை, அதன் பலூன் ஓரம் கிழிந்திருக்கிறது, கடைசியில் பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தாள். தன் முகத்தைப் பார்த்ததும் மகள் சிரித்தாள், பிறகு அழுதாள். அப்பா ஒரு நாள் தொப்பி மாட்டி உட்கார வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழுத்துக்காரியின் முகம் வந்தபோது அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அறையே கொண்டாட்டமாக இருந்தது. எழுத்துக்காரி மட்டும் நாற்பத்தேழைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டாக்டர் அதைத் திறந்தாள். அடியில் ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தாள். இங்கேயும் முகம் இருந்திருக்கிறது, யாரோ அழித்திருக்கிறார்கள் என்றாள்.

பதிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பதிமூன்று முகத்தை விட்டு வைத்த மனிதர் ஒன்றை மட்டும் ஏன் அழித்தார்? இதுதான் நிஜமான ஆள், மற்றதெல்லாம் கண்கட்டு வித்தை, நிஜத்தை வரைந்துவிட்டுப் பிறகு மனசு கேட்காமல் மாஸ்டரே அழித்திருக்கிறார் என்று அவர் அடித்துச் சொன்னார். அந்த முகத்தை மீட்க முடியுமா என்று கேட்டார். பென்சில் அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும், பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்தால் இரண்டு நாளில் ஓரளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றாள் டாக்டர்.

எழுத்துக்காரிக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. எல்லார் முகத்தோடும் சேர்ந்து அண்ணன் முகமும் இருந்திருந்தால் அது ஒரு வேடிக்கை. அண்ணனே மேடையில் சொல்லிச் சிரித்திருப்பார். இப்போது அழிந்த ஒரே முகம் அது. இரண்டு நாளில் புருவத்து வெட்டோடு எழுந்து வரும், பார்த்தவர்கள் எல்லாரும் இவன்தான் என்பார்கள். இல்லாத தொப்பிக்காரனை அவளே உண்டாக்கி அண்ணன் தலையில் தொப்பியை வைத்துவிட்டாள். கைப்பைக்குள் நீலப் பென்சில் இருந்தது. அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் அவளுக்கு மனப்பாடம். ஐந்து நிமிடம் தனியாக விட்டால் வரைந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள். செய்த பாவத்துக்கு மேல் மோசடி வேறா என்று அந்த நினைப்பை உதறினாள். பேசாமல் இருந்துவிட்டால்? அவள் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் வராது, அண்ணன் மானம்தான் போகும்.

"அழிச்சது மாஸ்டர் இல்ல" என்றாள். "நான்தான். இன்னைக்கு மத்தியானம் ஒண்ணே காலுக்கு."

கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். நீலத் துகள் இருந்தது. யார் முகம், ஏன் அழித்தாள், இருபத்தாறு வருடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தன் கையுறைகளைக் கழற்றி வைத்தாள். சாவியை விட்டுப் போனது என் தப்பு, இனிமேல் நீங்கள் அட்டைகளைத் தொடக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மாஸ்டர் மகள் நாற்பத்தேழாம் அட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் எழுத்துக்காரியின் மடியில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவள். கடைசியில், "அப்பா கோடு போனா திரும்ப வராது, அத்தை" என்றாள். பிறகு ஒரு முடிவு சொன்னாள். அந்த இடத்தை மீட்க வேண்டாம், வெற்றாகவே அச்சாகட்டும். ஆனால் அடியில் நடந்தது என்னவென்று இருக்க வேண்டும், அதை அத்தை தன் கையாலேயே எழுத வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். யார் முகம் என்று எழுதாவிட்டால் ஊர் ஆளுக்கொன்று பேசும், ஆகவே அதுவும் வேண்டும். அதற்கு உங்கள் அண்ணன் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றாள். பதிப்பாளர் ஏதோ சொல்ல வந்தார், அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். இதற்கு அந்த மேடையே தேவலை என்று எழுத்துக்காரிக்குத் தோன்றியது. ஒரு சின்ன அட்டையில் நான்கு வரி எழுத அவளுக்கு ஐந்து நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மேசை மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே போனாள். எழுத்துக்காரி அட்டையை நீட்டினாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'இங்கே இருந்த முகத்தை அழித்தது மாஸ்டர் அல்ல. எழுத்து எழுதிய நான். அது என் அண்ணன் முகம். அவர்தான் காட்டிக்கொடுத்தவர் என்று இருபத்தாறு வருடம் தவறாக நினைத்திருந்தேன்.'

இரண்டாம் தடவையும் படித்தார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முதலில் சிரித்தார்.

"நான் உக்காந்து குடுத்த படம்மா அது. தொப்பியப் போட்டு ரெண்டு மணி நேரம் அசையாம உக்கார வெச்சாரு, கழுத்து பிடிச்சுக்கிச்சு. எல்லாரையும் அப்படித்தான் உக்கார வெச்சாரு. உன் தங்கச்சிய மட்டும் சொல்லாமலே வரைஞ்சிட்டேன், அவ தலைய நிமிர்த்தினாத்தானே சொல்றதுக்குன்னு சொல்லிச் சிரிச்சாரு."

மேனேஜர் அறை பற்றி அவள் கேட்டாள். அந்த ஜன்னலுக்கு உடைந்த கண்ணாடி மாற்றப் போனது நான்தானே, அரை நாள் அந்த அறையில்தான் இருந்தேன் என்றார் அவர். பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று நானும்தான் யோசித்திருக்கிறேன், பராமரிப்பு ஆளை அவர்கள் ஒரு ஆளாக மதிக்கவில்லை போலிருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு விசேஷமும், வாசலோடு திரும்பிப்போன ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து போவதை அவளால் பார்க்க முடிந்தது.

"அதான் உனக்கு வயிறு சரியில்லாமப் போச்சா" என்றார்.

அவர் பேனாவை வாங்கி அட்டையின் பின்புறம் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். எழுத்து இன்னும் அன்று மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினார். அவர் சாதாரணமாகப் பேசியது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. கையை நீட்டி டம்ளரை எடுத்தாள்.

அண்ணன் மின்விசிறியின் திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உன் மூஞ்சியும் இருந்துச்சுன்னியே, எந்தப் பக்கம்?"

"எண்பத்தொண்ணு."

அவர் திருகாணியைக் கண்டெடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பக்கத்த நான் அன்னைக்குப் பாத்திருந்தேன்னு வெச்சுக்கோ. சைக்கிள எடுத்துக்கிட்டு நேரா வந்து உங்கிட்டயே கேட்டிருப்பேம்மா."

குனிந்து மின்விசிறியை மாட்ட ஆரம்பித்தார். தண்ணீர் டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.